காப்பிக்கு முன்னாடி ஒரு மணி நேரம்

சத்துவாச்சாரி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. உடனே பதில் போடாதது தப்புதான். இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியம்மா கால்வலி அப்படியே. மே மாச வேலூர் வெயில்ல ஃபேனை நிறுத்தச் சொல்றேன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும் பகீர்னு இருந்துச்சு.

உன் தைராய்டு டெஸ்ட்ல டி.எஸ்.எச். 9.8, ஜாஸ்திதான். "ஒரு நாள்கூட தைராய்டு மாத்திரை விடலை, 75 மைக்ரோகிராமை 100 ஆக்கிக்கட்டுமா"ன்னு கேக்கிறே. நீயா ஏத்தாதே, மல்லி. காலையில 5 மணி காப்பியோட அந்தத் தைராக்ஸின் மாத்திரை, கூடவே கால்சியம்னு நீதானே எழுதியிருக்கே? கோளாறே அங்கதான். கால்சியம் அந்த மருந்தைக் குடல்லயே பிடிச்சு வெச்சுக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். காப்பி வேற, ரத்தத்துல ஏறுறதைக் குறைக்கும்.

டிகாக்‌ஷன் ராணியைக் காப்பியை விடச் சொல்லலை. எழுந்ததும் வெறும் தண்ணியில மாத்திரை. முழுசா ஒரு மணி நேரம் கழிச்சுக் காப்பி. கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோட வெச்சுக்கோ. ரெண்டுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையில வைக்காதே, சூடும் ஈரமும் அதுக்கு ஆகாது.

மாத்திரையில இருக்கிறது டி4ங்கிற தைராய்டு ஹார்மோன், நாலு அயோடின் அணு உள்ளது. கல்லீரலும் சிறுநீரகமும் அதுல ஒண்ணைக் கழட்டினாத்தான் வேலை செய்யிற டி3 ஆகும். உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, குடல் அசைவு எல்லாம் அதோட கையில. உன் மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். ஹார்மோன் பத்தலைன்னு தெரிஞ்சா, மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை விரட்ட ஆள் மேல ஆள் அனுப்பும். அந்த ஆள்தான் டி.எஸ்.எச்.

இப்பவே டோஸை ஏத்திட்டு அப்புறம் காப்பியைத் தள்ளி வெச்சேன்னா, மருந்து மிஞ்சிடும். இதயம் தாறுமாறா அடிக்கும், எலும்பும் தேயும். எலும்புக்குத்தானே கால்சியமே சாப்பிடுறே! டாக்டர்கிட்ட இந்தக் காப்பி விஷயத்தை மறைக்காம சொல்லு.

அடுத்த வாரமே டெஸ்ட்டுக்கு ஓடாதே. ரத்தத்துல இருக்கிற டி4 பாதியாகவே 7 நாள் ஆகும். புது அளவு நிலைக்க 6 முதல் 8 வாரம். முடிக்குச் சாப்பிடுற பயோட்டினை டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடு, சில லேப்ல டி.எஸ்.எச்.சை உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவே இல்ல? ரிப்போர்ட்டைக் கையோட எடுத்துட்டு வா.

அன்புடன்,
செல்வி