ஒரு டெஸ்ட்கூட ஓடாத பில்டுக்குப் பச்சை விளக்கு: டீம் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீம் லீடுகளுக்கும் டெலிவரி மேனேஜர்களுக்கும்,

வணக்கம். நான் பன்னிரண்டு வருடமாக ஜாவாவிலும் நடுவில் கொஞ்ச காலம் டாட்நெட்டிலும் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். உங்களில் சிலர் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோடு எழுதியவர்கள்தான், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். "டெஸ்ட் புராஜெக்ட்டின் கான்ஃபிகரேஷன் சரியில்லை, சரிசெய்ய ஒரு நாள் வேண்டும்" என்று யாராவது வந்து நின்றால், "அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலைப்பா, ஃபீச்சரோடு சேர்த்து முடிச்சிடு" என்று சொல்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் என்பது மாற்ற வேண்டிய வரியை டைப் அடிக்கிற நேரம். எந்த வரி என்று கண்டுபிடிக்க ஆகும் நேரம் உங்கள் எஸ்டிமேட் ஷீட்டில் எங்கேயும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியிலும் நடக்கக்கூடியதுதான்.

பில்லிங் மாட்யூல். ஜாவாவில் கோடைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட்களை எழுத உதவும் கருவி ஜேயூனிட். ஜேயூனிட் 4-இல் எழுதிய பழைய டெஸ்ட்களை ஜேயூனிட் 5-க்கு மாற்றும் வேலையை, சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். அவர் அதை ஒழுங்காகவே செய்தார். இம்போர்ட்களை மாற்றினார், "பிஃபோர்" என்றிருந்த இடத்தில் "பிஃபோர் ஈச்" போட்டார், ஜேயூனிட் 5-க்குத் தேவையில்லை என்பதால் டெஸ்ட் கிளாஸ்களிலும் மெத்தட்களிலும் இருந்த "பப்ளிக்" என்ற சொல்லைக்கூட வரிவரியாகப் போய் எடுத்தார், பழைய ஜேயூனிட் 4 டிபென்டன்சியையும் தூக்கினார். அவருடைய எடிட்டரான இன்டெல்லிஜேயில் எல்லாம் பச்சை. ரிவ்யூ செய்து அப்ரூவ் போட்டது நான். மெர்ஜ் ஆனது. சர்வரில் தானாக பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டும் பைப்லைனும் பச்சை. அதுமட்டும் இல்லை, ஆறு நிமிடம் எடுத்த பில்ட் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் ஸ்டாண்டப்பில், ஜேயூனிட் 5 வேகமாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அந்த லாகில் அன்றைக்கே இருந்தது இந்த வரி: "டெஸ்ட்ஸ் ரன்: 0, ஃபெயிலியர்ஸ்: 0, எரர்ஸ்: 0, ஸ்கிப்டு: 0". கொஞ்சம் கீழே, "பில்ட் சக்ஸஸ்".

பரீட்சைக்கே போகாத பையன் வீட்டுக்கு வந்து "ஒரு சப்ஜெக்ட்டிலும் நான் ஃபெயில் ஆகலை" என்று சொன்னால் நம்ம வீட்டில் என்ன கிடைக்கும்? இங்கே கைதட்டல் கிடைத்தது.

இது ஏன் நடந்தது என்பதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் "என் மெஷினில் ஓடுதே" என்று ஜூனியர்கள் சொல்லும்போது அது எப்போதும் சாக்கு இல்லை. எடிட்டர் தன்னுடைய சொந்த ரன்னரை வைத்து டெஸ்ட்டை ஓட்டுகிறது. பைப்லைனில் ஓட்டுவது, ஜாவா கோடை பில்ட் செய்யும் மேவன் என்ற கருவியின் ஷூர்ஃபயர் பிளகின். இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஜேயூனிட் 5 வெளிவந்தது 2017 செப்டம்பரில், ஷூர்ஃபயர் அதை நேரடியாகப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது 2018-இல் வந்த 2.22.0 வெர்ஷனில். நீங்கள் வெர்ஷன் எதுவும் குறிப்பிடாவிட்டால் மேவன் 3.8 வரை தானாக எடுத்துக்கொண்டது 2.12.4 என்ற பழைய ஷூர்ஃபயரைத்தான், மேவன் 3.9-இல்தான் அது மாறியது. எங்களுடையதில் இன்னும் விசேஷம், எல்லா மாட்யூலுக்கும் பொதுவான மேவன் செட்டிங் இருக்கும் பேரன்ட் பாம் (POM) ஃபைலில் யாரோ எப்போதோ 2.12.4 என்று எழுதியே வைத்திருந்தார்கள். (பெயரே "பாம்". வைத்தவர் யார் என்று தெரியாது, வெடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மாட்டுவார்.) அந்தப் பேரன்ட் பாம் எங்கள் டீமுடையது இல்லை. யாருடையது என்று கேட்டால் பிளாட்ஃபார்ம் டீம் என்றார்கள். அந்த டீம் கலைக்கப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பழைய ஷூர்ஃபயருக்கு ஜூபிட்டர் டெஸ்ட்கள், அதாவது ஜேயூனிட் 5 பாணியில் எழுதியவை, கண்ணில் படவே படாது. படாததை அது தவறு என்றும் சொல்லாது. டெஸ்ட் இல்லை, சரி, அடுத்த வேலைக்குப் போகலாம் என்று போய்விடும். இதைத் தடுக்க "ஃபெயில் இஃப் நோ டெஸ்ட்ஸ்" என்று ஒரு செட்டிங் அதிலேயே உண்டு, ஆனால் இயல்பு நிலையில் அது அணைக்கப்பட்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிள்ளை ஒரு பில்லை அனுப்பி, இதைக் கூட்டிப் பாருங்கள் என்றார். பொருளின் விலை 99 ரூபாய் 50 காசு, ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் சிஜிஎஸ்டி 8.96, எஸ்ஜிஎஸ்டி 8.96 என்று அச்சாகியிருந்தது, மொத்த வரி என்ற இடத்தில் 17.91. கூட்டினால் 17.92 வர வேண்டும். நடுவில் யாரோ கோடைச் சுருக்குகிறேன் என்று இரண்டு 9 சதவீதங்களைத் தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டுவதற்குப் பதிலாக நேரடியாக 18 சதவீதம் போட்டுவிட்டார். 9 சதவீதம் 8.955, அது 8.96 ஆகிறது. 18 சதவீதம் சரியாக 17.91. ஒரு காசு வித்தியாசம். ஆயிரக்கணக்கான பில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு இழுத்துக்கொண்டு நிற்க, அங்கே கணக்கு டேலி ஆகவில்லை.

வயிறு எரிந்தது எதற்கென்றால், இதே 99.50-க்கு டெஸ்ட் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் இதே தவறு ஒருமுறை வந்து, அப்போது எழுதி வைத்த டெஸ்ட் அது. மூன்று வாரமாக அது ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஷூர்ஃபயர் வெர்ஷனை மாற்றினேன். ஒரே வரி. உடனே முன்னூற்றுச் சொச்சம் டெஸ்ட் ஓடி ஒன்பது சிவப்பு. அப்போது எங்கள் லீட் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நாளைக்கு ரிலீஸ். அந்த ஒன்பதையும் டிசேபிள் பண்ணிடு, அப்புறம் பார்க்கலாம்." காசு விஷயமும் அந்த ஒன்பதில் ஒன்று என்று காட்டிய பிறகுதான் விட்டார்.

அந்த ஒன்பதில் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கான்ஃபிகரேஷன் வேலை ஏன் ஐந்து நிமிடத்தில் முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. டெஸ்ட்கள் ஓடாமல் கிடந்த அந்த மூன்று வாரத்தில் பில்ட் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பழைய மெஷின் இந்திய நேரத்தில் இருந்தது, புதியது உலகப் பொது நேரமான யுடிசியில். நள்ளிரவு ஒரு மணிக்குப் போட்ட பில் யுடிசியில் முந்தைய நாள் சாயங்காலம், மாதத்தின் முதல் தேதி என்றால் முந்தைய மாதமே. தேதியைச் சோதிக்கும் இரண்டு டெஸ்ட்கள் விழுந்தன. சரி என்று, டெஸ்ட்டை ஓட்டும் ஜாவாவுக்கான ஆப்ஷன்களை எழுதும் ஷூர்ஃபயரின் "ஆர்க்லைன்" என்ற இடத்தில் டைம்ஸோனைக் குறிப்பிட்டோம், சரியானது. அடுத்து, இந்தக் கூத்துக்குப் பிறகு மேலிடம் கவரேஜ் ரிப்போர்ட் (கோடில் எவ்வளவை டெஸ்ட்கள் தொட்டன என்ற கணக்கு) கேட்டது, அதைத் தயாரிக்கும் ஜகோகோவைச் சேர்த்தோம். ரிப்போர்ட் வரவில்லை. எக்ஸிகியூஷன் டேட்டா ஃபைல் இல்லை, அதனால் ஸ்கிப் செய்கிறேன் என்று ஒரு வரி, மறுபடியும் பில்ட் பச்சை. ஜகோகோ தன் ஏஜென்ட்டை நுழைப்பதும் அதே ஆர்க்லைன் என்ற பெயர் வழியாகத்தான், நாங்கள் டைம்ஸோனுக்காக எழுதியது அதை மூடி மறைத்துவிட்டது. பழைய மதிப்பையும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் விதமாக ஆர்க்லைனை ஆட் (@) குறியும் நெளிவு அடைப்புக்குறியும் போட்டு முன்னால் எழுத வேண்டும். எழுதியது பத்து எழுத்து இருக்கும். தேடியது அரை நாள். அந்த அரை நாளை டைம்ஷீட்டில் எதன் கீழ் போடுவது என்று கேட்டதற்கு "மிசலேனியஸ்" என்று பதில் வந்தது.

ஜாவாக்காரர்கள் பிரச்சினை என்று டாட்நெட் லீடுகள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் இதே கதைதான், வேஷம்தான் வேறு. டெஸ்ட் புராஜெக்ட்டில் எக்ஸ்யூனிட் (ஜேயூனிட் மாதிரி டாட்நெட்டுக்கு) இருக்கிறது, டெஸ்ட் எஸ்டிகேவும் இருக்கிறது, ஆனால் டெஸ்ட்களைக் கண்டுபிடித்து ஓட்டித் தரும் விஷுவல் ஸ்டுடியோ ரன்னர் பேக்கேஜை யாரோ பயன்படாதது என்று நினைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். கம்பைல் ஆகும். "டாட்நெட் டெஸ்ட்" கொடுத்தால், இந்த டிஎல்எல்லில் டெஸ்ட் எதுவும் இல்லை, டிஸ்கவரர் பதிவாகியிருக்கிறதா பார் என்று ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு, வழக்கமான விஎஸ்டெஸ்ட் வழியில் ஓடினால், எக்ஸிட் கோடு (முடிவைச் சொல்லும் எண்) பூஜ்யம் கொடுத்துவிட்டுப் போய்விடும். பைப்லைனுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, எண்தான் தெரியும். பூஜ்யம் என்றால் பாஸ். ரன்செட்டிங்ஸ் ஃபைலில் "ட்ரீட் நோ டெஸ்ட்ஸ் ஆஸ் எரர்" என்பதை ட்ரூ ஆக்கினால் தீர்ந்தது.

இன்னொன்று, நான் என் கண்ணால் பார்த்தது. வெப் புராஜெக்ட்டில் ஆப்செட்டிங்ஸ் ஃபைல் தானாகவே அவுட்புட் ஃபோல்டருக்குப் போகும், ஏனென்றால் அது வெப் எஸ்டிகே. டெஸ்ட் புராஜெக்ட் சாதாரண எஸ்டிகே, அங்கே நாம் சொன்னால்தான் காப்பி ஆகும். ஃபைல் கிடைக்கவில்லை என்று டெஸ்ட் விழுந்தது. புராஜெக்ட் செட்டிங் இருக்கும் சிஎஸ்ப்ரோஜ் ஃபைலில் ஒரு வரி போடத் தெரியாமல், ஒரு சீனியர் தன் லேப்டாப்பின் சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையையும் டெஸ்ட்டுக்குள்ளேயே எழுதிவிட்டார். லினக்ஸில் ஓடும் பைப்லைனில் சி டிரைவ் ஏது? அங்கே விழுந்தது. அதற்கு அவர் கண்ட தீர்வு, பைப்லைன் கட்டளையின் கடைசியில் இரண்டு நெடுங்கோடு போட்டு "ட்ரூ" சேர்ப்பது. எது விழுந்தாலும் பாஸ். ஒரு வருடம் யாருக்கும் தெரியாது.

பைத்தான்காரர்கள் இதில் கொஞ்சம் பரவாயில்லை. அவர்கள் டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட்டுக்கு ஒரு டெஸ்ட்டும் கிடைக்காவிட்டால் எக்ஸிட் கோடு 5 கொடுத்து நின்றுவிடும், பைத்தானோடு கூடவே வரும் யூனிட்டெஸ்ட்டும் பைத்தான் 3.12-இலிருந்து அதையே செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெஸ்ட்டும் டெஸ்ட் இல்லாமல் பாஸ் ஆக விடாது, நீங்களாகக் கேட்டால் ஒழிய.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பூஜ்யம் டெஸ்ட் என்றால் பில்ட் உடைய வேண்டும், அந்தச் செட்டிங்கை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். மேவனில் பேரன்ட்டில் போட்டால் டெஸ்டே இல்லாத மாட்யூல்களும் சேர்ந்து விழும், உடனே ஒருவர் ஓடிவந்து மொத்தத்தையும் அணைத்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள். அந்த மாட்யூல்களில் மட்டும் தனித்தனியாக விலக்கு எழுதட்டும், எத்தனை மாட்யூலில் டெஸ்ட் இல்லை என்ற கணக்கும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். புதிய பைப்லைன் ரெடி என்று சொன்னால், வேண்டுமென்றே ஒரு டெஸ்ட்டை உடைத்து அது சிவப்பாவதைக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பைப் பார்க்காமல் பச்சையை ஏற்காதீர்கள். ரிலீஸ் மெயிலில் "ஆல் டெஸ்ட்ஸ் பாஸ்டு" என்பதற்குப் பக்கத்தில் எத்தனை டெஸ்ட் என்ற எண்ணையும் எழுத வையுங்கள், போன ரிலீஸின் எண்ணோடு சேர்த்து. முன்னூற்று நாற்பது இருந்தது பூஜ்யமானால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். அப்புறம் அந்தப் பேரன்ட் பாம், பில்ட் ஸ்கிரிப்ட் இதற்கெல்லாம் ஓர் ஆள் பெயரை எழுதி வையுங்கள், அந்த ஆளுக்கு அந்த வேலைக்கென்று நேரமும் கொடுங்கள். நேரம் கொடுக்காமல் பெயரை மட்டும் எழுதினால் அது திட்டு வாங்குவதற்கு ஆள் நியமிப்பது.

கடைசியாக ஒன்று. பில்லிங் விஷயம் முடிந்ததும் ரூட் காஸ் என்று ஒரு டாக்குமென்ட் தயாரானது. அதில் ஷூர்ஃபயர் வெர்ஷன் பற்றி ஒரு சொல் இல்லை, ஆளில்லாத பேரன்ட் பாம் பற்றி இல்லை, லாகைத் திறந்து பார்க்காமல் அப்ரூவ் போட்ட என்னைப் பற்றியும் இல்லை. "டெவலப்பரின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. அதே வரி அந்தப் பெண்ணின் வருடாந்திர அப்ரைசலிலும் ஏறியது, அந்த வருடம் அவருக்கு ரேட்டிங் குறைந்தது. ரிவ்யூ செய்தவன் நான், அந்த வரியை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள் என்று லீடுக்கு மெயில் அனுப்பினேன், இரண்டு முறை. "நோட்டட்" என்று ஒரு பதில் வந்தது. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த லீட் உங்களில் ஒருவர்தான், இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த மெயில் திரெட்டை மறுபடி மேலே கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்.

இப்படிக்கு,
அந்த மெர்ஜுக்கு அப்ரூவ் போட்டவன்