பத்து வருஷம் ஓடும் பை வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மா,

முகாமுக்குப் போகும் பேரனுக்கு எந்த ஸ்லீப்பிங் பேக், அதான் உள்ளே நுழைந்து படுக்கும் பை, வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பெரியவர்கள் அளவில் ஒன்று வாங்கிவிட்டால் பத்து வருஷம் ஓடுமே என்று நீ போடும் கணக்கைத்தான் நானும் அன்றைக்கு உனக்குப் போட்டேன். உனக்கு எட்டு வயது இருக்கும். நடுராத்திரி முழிப்பு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உன் தலையைக் காணோம், வழுக்கிப் போய்ப் பையின் அடியில் சுருண்டு கிடக்கிறாய், உள்துணியெல்லாம் உன் மூச்சு பட்டு ஈரம், பாதம் ரெண்டும் ஜில்லிட்டுப் போயிருந்தது.

பை தானாகச் சூடு தராது, உடம்பு விடும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கால்மாட்டில் காலி இடம் கிடந்தால் அதையும் அந்தச் சின்ன உடம்புதான் சூடாக்கியாக வேண்டும். அவன் உயரத்துக்கு மேல் ஒரு சாண் போதும். ஏற்கெனவே பெரிதாக வாங்கிவிட்டாயா, சரி, கால்பக்கத்தை அடியில் மடித்துவிட்டு நாடாவால் கட்டு.

அப்புறம், பை எத்தனை டிகிரிக் குளிர் வரை தாங்கும் என்பதற்கு அட்டையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று எண்கள் போட்டிருப்பார்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது இல்லை, அதை நம்பி வாங்காதே. சுகமாகத் தூங்குவதற்கான கம்ஃபர்ட் கூட வளர்ந்த பெண்ணின் உடம்பை வைத்துப் போட்ட கணக்குதான். அந்த எண்களுக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரம், 2016-இல் வந்தபோது குழந்தைகள் பைகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதனால் ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கும் இடமென்றால் கம்ஃபர்ட் 5 என்று இருப்பதாகப் பார்.

இறகு அடைத்த பை லேசாக இருக்கும், சின்னதாகச் சுருளும், ஆனால் நனைந்தால் அமுங்கிப்போய்ச் சூடு நிற்காது. பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்காத முகாமை நான் பார்த்ததில்லை. சிந்தெடிக் போதும், துவைக்கவும் சுலபம்.

அடியில் விரிக்கும் மேட்டை மறந்துவிடாதே. உடம்பின் கனத்தில் பையின் கீழ்ப்பக்கம் நசுங்கிவிடும், தரை அப்படியே சூட்டை உறிஞ்சும். பை எவ்வளவு ஒசத்தியானாலும் மேட் இல்லாவிட்டால் விடிய விடிய நடுக்கம்தான்.

வாங்குவதற்கு முன்னால் அவனை உள்ளே படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பைத் திறக்கச் சொல். உன் பை ஜிப்பில் துணி மாட்டிக்கொண்டு, ஒன்றுக்குப் போக அவசரம் வேறு, நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடாரமே எழுந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா