ஆலையில் போட்ட முதல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாளித்துவத்தையும், ஆலைகள் தனியாரிடம் இல்லாமல் சந்தை மட்டும் இருக்கும் சந்தை சோசலிசத்தையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரை, போலந்துப் பொருளியலாளர் ஆஸ்கர் லாங்கே தாளில் எழுதியதையும் யூகோஸ்லாவியா ஆலைகளில் நடந்ததையும் ஒன்றாக்கிவிட்டது. 1936-37இல் லாங்கே சொன்ன ஏற்பாட்டில் விலையை அறிவிப்பது திட்டக் குழு. சரக்கு தேங்கினால் குறைக்கும், தட்டுப்பாடு வந்தால் கூட்டும். யூகோஸ்லாவியா போன வழி வேறு. 1950 ஜூன் மாதச் சட்டம் ஆலை நிர்வாகத்தைத் தொழிலாளர் கவுன்சிலிடம் கொடுத்தது. 1965 சீர்திருத்தம் வருமானத்தில் பெரும்பங்கை ஆலையிலேயே விட்டுவைத்தது. ஆனால் ஆலை அரசுடையதும் இல்லை, அங்கே உழைப்பவர்களுடையதும் இல்லை. அதற்குப் பெயர் 'சமூகச் சொத்து'. வம்பு தொடங்கிய இடம் அதுதான். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யூகோஸ்லாவிய முறையில் 100 பேர் வேலை செய்யும் ஆலை. மூலப்பொருள் போக மாத வரவு 7 லட்சம், வட்டி முதலிய நிலையான செலவு 2 லட்சம். மீதி 5 லட்சத்தைப் பிரித்தால் ஆளுக்கு 5,000. 101ஆவது ஆள் வந்தால் வரவு 5,000 கூடும் என்று வைத்துக்கொண்டால், யார் பங்கும் குறையாது. இப்போது சரக்குக்குக் கிராக்கி வந்து வரவு 20 சதவீதம் ஏறுகிறது. 8.4 லட்சத்தில் 2 லட்சம் போனால் ஆளுக்கு 6,400. புதிதாக வருபவர் கொண்டுவருவது, அதே 20 சதவீதம் ஏறியும், 6,000தான். அவரைச் சேர்த்தால் மற்ற 100 பேரின் பங்கும் குறையும். அதே இடத்தில் 5,000 சம்பளத்துக்கு ஆள் வைக்கும் முதலாளி, 6,000 வரும் என்றால் உடனே சேர்த்துக்கொள்வார். பொருளியலாளர் பெஞ்சமின் வார்டு 1958இலேயே எடுத்துக்காட்டிய முரண் இது.

இந்தக் கணக்கை அப்படியே நடப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கணக்குப்படி ஒரு ஆளைக் குறைத்தால் மற்றவர் பங்கு கூடும்; ஆனால் கூட வேலை செய்பவரை வீட்டுக்கு அனுப்பக் கவுன்சிலில் யாரும் கை தூக்குவதில்லை. அடி விழுந்தது வாசலில் வேலைக்கு நின்றவர்கள்மேல். வேலை தேடியவர்களை வெளியே அனுப்ப 1968இல் மேற்கு ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்ட சோசலிச நாடு யூகோஸ்லாவியா.

அதைவிடப் பெரிய ஓட்டை முதலீட்டில். 57 வயதுத் தொழிலாளி ஒருவர்; ஓய்வுக்கு மூன்று ஆண்டு. பத்தாண்டு உழைக்கும் இயந்திரத்துக்காக இந்த ஆண்டு சம்பளத்தை விட்டுக்கொடுங்கள் என்றால், விலகும்போது அதில் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. விற்கப் பங்கும் கிடையாது. லாபத்தைச் சம்பளமாகப் பிரித்துக்கொண்டு, இயந்திரத்துக்கு வங்கியில் கடன் வாங்கலாம் என்றுதான் அவர் வாக்களிப்பார். வட்டியைவிட விலைவாசி வேகமாக ஏறியதால் கடன் வாங்கியவருக்கே லாபம். வங்கிகளின் நிர்வாகத்திலும் அதே கடன்கார ஆலைகள்தான் இருந்தன. 1987இல், யூகோஸ்லாவியாவுக்குள் இருந்த பொஸ்னியாவின் அக்ரோகோமெர்ட்ஸ் நிறுவனம் பணப் பின்பலமே இல்லாத கடன் பத்திரங்களை ஏராளமான வங்கிகளில் தள்ளியது வெளியே வந்து, நாட்டின் துணை அதிபரே பதவி விலக நேர்ந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போய், 1990 ஜனவரியில் நாட்டின் நாணயமான தினாரில் நான்கு சுழியங்களை வெட்டவேண்டி வந்தது.

நட்டம் வந்தாலும் யாராவது தூக்கிவிடுவார்கள் என்ற இந்தத் தெம்புக்கு ஹங்கேரியின் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 'மென்மையான பட்ஜெட் கட்டுப்பாடு' என்று பெயர் வைத்தார். இதைச் சோசலிசத்தின் பிறவிக் குறை என்று கட்டுரையாளர் தள்ளிவிட முடியாது. 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி நிறுவனங்களைத் தாங்க 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது எந்தக் கணக்கில் சேரும்?

தொழிலாளர் கையில் ஆலை இருந்தும் முதலுக்குச் சொந்தக்காரர் இருக்க முடியும் என்பதற்கு ஸ்பெயினின் மோன்ட்ராகோன் கூட்டுறவுகளைப் பார்க்கவேண்டும். 1956இல் தொடங்கியவை. சேரும்போது உறுப்பினர் ஒரு தொகை கட்டுகிறார், ஆண்டு லாபத்தில் அவர் பங்கு அவர் பேரிலுள்ள கணக்கில் ஏறுகிறது, விலகும்போது எடுத்துக்கொள்ளலாம். நமது 57 வயதுக்காரர் இங்கே இயந்திரம் வாங்கக் கை தூக்குவார். ஆனால் வாக்கு, பங்கின் அளவுப்படி இல்லை, ஆளுக்கு ஒன்று.

இதற்கும் விலை உண்டு. வேலையும் சேமிப்பும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தக் குழுமத்தின் ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம், ஸ்பெயினின் கட்டுமானச் சரிவில் விற்பனை படுத்து, 2013இல் திவாலானது. இனிப் பணம் தரமுடியாது என்று சகோதரக் கூட்டுறவுகள் கைவிரித்தன. உறுப்பினர்கள் போட்ட முதல் போயிற்று. ஆனால் பலருக்கு அதே கூட்டுறவுகளில் மாற்று வேலை கிடைத்தது. ஃபாகோரின் போலந்து ஆலையில் இருந்தவர்கள் உறுப்பினர்கள் அல்ல, வாக்கில்லாத சம்பள ஆட்கள். கட்டுரையாளர் இந்த விவாதத்தைத் தொடர்வதாக இருந்தால் அவர்களை முதலாளித்துவத்தின் கணக்கில் எழுதுவாரா, சோசலிசத்தின் கணக்கில் எழுதுவாரா என்பதையும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி