மிச்சமிருக்கும் மூன்று தூண்களையாவது விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், திருப்பணிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எத்தனையோ தோட்டத்துக் கோயில்கள் இருக்கின்றன. நம் கோயிலின் பெயரையோ உங்கள் பெயர்களையோ இங்கே எழுதி யாரையும் கூச வைக்க எனக்கு விருப்பமில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை, முன்மண்டபத்தின் வடகிழக்குத் தூணில் டைல்ஸ் ஒட்டுவதற்காகக் கல்லைக் கொத்தினார்கள். கேள்விப்பட்டு நான் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள், விளக்கேந்தி நின்ற பாவைக்கு முகம் போயிருந்தது. விளக்கும் பாதிதான் இருந்தது.

மற்ற மூன்று தூண்களிலும் வேலையை நிறுத்துங்கள். இந்த மடலில் நான் கேட்பது இதுதான்.

நான் 35 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். சிமெண்டு எனக்குச் சோறு போட்டது, அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த ஊரில் பல வீடுகளில் நானே டைல்ஸ் ஒட்டியிருக்கிறேன். அதனால்தான் அன்று அந்தப் பையன் என்ன செய்தான் என்று பார்த்தவுடனே புரிந்தது. இழைத்த கருங்கல்லில் சிமெண்டு பிடிக்காது. பிடிக்க வேண்டுமென்றால் கல்லின் முகத்தை அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகக் கொத்த வேண்டும். முதலில் கிரைண்டர், அப்புறம் உளி. அவன் கற்றுக்கொண்ட வேலையை அவன் சரியாகத்தான் செய்தான். அவனை அங்கே அனுப்பியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தத் தூண்கள் எப்படி வந்தன என்று குழுவில் இருக்கும் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். தோட்டத்து சனம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காசில் இரண்டு சிற்பிகளை வரவழைத்தார்கள். கல் இங்கேயே எடுத்தது. என் அப்பா அப்போது குவாரியில் கல்லுடைத்தார். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, முதல் ஆப்புக்கு ஓர் அடி, அடுத்ததுக்கு ஓர் அடி, கடைசி வரை போய்த் திரும்ப முதலிலிருந்து. அடிக்கிற சத்தம் மாறிக்கொண்டே வருமாம். ஒரு கட்டத்தில் கை வைக்காமலே கல் நேராக வாய் பிளக்கும். ஒரே ஆப்பில் ஆத்திரத்தைக் காட்டினால் வெடிப்பு வேறு பக்கம் ஓடி, ஒரு வாரத்து உழைப்பு போய்விடும். அப்படிப் பிளந்து வந்த கல்லைச் சிற்பி சுத்தியால் தட்டிப் பார்ப்பார். மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் எடுப்பார். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கும் என்று தள்ளிவிடுவார். நான்கு தூணுக்கு ஏழு கல் பிளந்ததாக அப்பா சொல்வார்.

தூண் நிறுத்திய அன்று, வடம் இழுத்தவர்களுக்கு மோர் ஊற்றியது என் அம்மா. அப்போது நான் அவர் வயிற்றில்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. பார்வை மங்கி ஆறு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் கூட்டிவந்து படியில் விடுவேன். அதற்கு மேல் என் கையைப் பிடிக்க மாட்டார். படியேறி வலது கையை நீட்டினால் வடகிழக்குத் தூண். இடுப்பு உயரத்தில் ஒரு தாமரை. அதை விரலால் ஒரு சுற்று தடவிவிட்டு ஐந்து எட்டு வைப்பார், அடுத்த தூணில் அன்னம். அன்னத்தின் கழுத்தைத் தொட்டால் அம்மன் நேரே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். நின்று கும்பிடுவார். ஆறு வருடமாக ஒரு தடவைகூட வழி தவறியதில்லை.

போன வெள்ளிக்கிழமை கையை நீட்டினார். தாமரை இல்லை. கொத்திய கல்லின் முனை விரலைக் கீறிவிட்டது. கையை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்று, "ஏம்பா, வேற கோயிலுக்கா கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டார். வேலை நடக்குதும்மா என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? அன்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கருவறை வரை வந்தார். வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் அன்னத்தைக் கொத்தப் போகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

தூண்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துவிட்டன, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் அழுக்கைக் கழுவ வேண்டும், கல்லைக் கழற்றக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், காரம் இல்லாத சோப்பு, மெதுவான தூரிகை, பொறுமை. இவ்வளவு போதும். ஆழமாக இறங்கிய எண்ணெய்க்கு, நல்ல களிமண்ணைக் குழைத்து அப்பிக் காயவிட்டு எடுத்தால், மண் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஒரே நாளில் போகாது, நாலைந்து தடவை செய்ய வேண்டும். கம்பித் தூரிகை வேண்டாம். ஆசிட் வேண்டவே வேண்டாம், கல்லில் இருக்கும் இரும்புச் சத்து மஞ்சள் கறையாக வெளியே வரும். மணல் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சி அழுக்கைச் சுரண்டுவது, அடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். தமிழ்நாட்டில் பழைய கோயில்களில் அப்படி அடித்து, நூற்றாண்டுகள் தாங்கிய கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்து போன பிறகுதான் அறநிலையத் துறை அதைத் தடை செய்தது. அவர்கள் பட்டதை நாமும் பட வேண்டுமா?

கருவறைச் சுவருக்கும் சிமெண்டு பூசப் போவதாக அறிகிறேன். அது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸ் சூட்டில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். நம் ஊர் மழைக்குத் தரையிலிருந்து ஏறும் ஈரம் கொஞ்சமா? அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், உள்ளே செங்கல் மாவாக உதிரும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடுத்த கும்பாபிஷேகத்துக்குள் தட்டினால் பொத்தலாகச் சத்தம் கேட்கும். ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலையெல்லாம் சுண்ணாம்புக் கல்லாக இருக்க, சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று குத்தகையாளர் சொன்னதை நம்பிவிட்டீர்களே.

2013ஆம் ஆண்டு கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயிலின் எச்சத்தை, நில மேம்பாட்டாளர் இடித்துவிட்டார் என்று செய்தி வந்தபோது நாமெல்லாம் எப்படிக் கொதித்துப் போனோம்! கோயில் மண்டபத்திலேயே அதைப் பற்றிப் பேசினோம். 2005இலேயே மரபுடைமைச் சட்டம் வந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று ஆத்திரப்பட்டோம். அதே பள்ளத்தாக்கில், மெர்போக்கில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியை 1959, 1960 ஆண்டுகளில் சிதறிக் கிடந்த கற்களைக் கொண்டே திரும்ப எழுப்பினார்கள். காட்டில் கிடந்த கல்லைத் தேடி எடுத்து அதனதன் இடத்தில் வைக்க அந்நியர்களுக்குப் பொறுமை இருந்தது. இடத்திலேயே நிற்கிற கல்லை விட்டுவைக்க நமக்கு ஏன் இல்லை? பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசல் இருக்கிறது. கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்ற வீடு. நம் ஆட்கள் கட்டிய சுவர்தான் அதுவும். அதைப் பார்க்க இன்று சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். துரை வீட்டுச் சுவருக்குக் கிடைத்த மரியாதை, நம் பாட்டன்மார் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்ட தூணுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

இதில் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்க வேலை அனுமதிக்கு எவ்வளவு அலைந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கும்பாபிஷேகத் தேதி குறித்தாயிற்று, ஆள் வரவில்லை, கிடைத்தவரைப் பிடித்தீர்கள். ஆனால் இத்தனை தலைமுறையாக இந்த நாட்டில் கோயில் கட்டுகிறோம், கல்லில் உளி பிடிக்க ஒரு பிள்ளையையாவது நாமே பழக்கியிருக்கிறோமா? மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசே சிற்பம் சொல்லிக் கொடுக்கிறது. இங்கே நம் பிள்ளைகளுக்கு வெல்டிங் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது, ஏர்கோன் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது, கல்வேலைக்கு இல்லை. கோபுரம் ஓர் அடுக்கு கூட வேண்டும் என்று கேட்கிற கோயில்கள், நான்கு பையன்களை மாமல்லபுரத்துக்கு அனுப்பி வைக்கலாம் என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறார்களா? நானும் பேசியதில்லை. அப்பா சொல்லிக் கொடுத்ததை என் மகனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டவன் நான். அந்த வருத்தமும் சேர்ந்துதான் இப்படி எழுத வைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தூண்களையும் தொடாமல் விடுங்கள். கொத்திய தூணில் டைல்ஸ் ஒட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதில் சிமெண்டை அப்பி முகம் செய்கிறேன் என்று யாராவது வந்தாலும் சம்மதிக்காதீர்கள். மரத்தில் தப்பினால் ஒட்டுப் போடலாம், சுதையில் தப்பினால் மறுபடி பூசலாம், கருங்கல்லில் போனது போனதுதான். கருவறைச் சுவர் வேலையையும் கல்லும் சுண்ணாம்பும் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை தள்ளி வையுங்கள்.

வாங்கி வைத்த டைல்ஸ் வீணாகும் என்ற கவலை இருந்தால், பின்னால் இருக்கும் சமையல் கொட்டகைத் தரைக்குப் போடலாம். கூலி வாங்காமல் நானே ஒட்டித் தருகிறேன். தூண் கழுவுகிற செலவும் என்னுடையது. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாளியும் தூரிகையும் களிமண்ணுமாக மண்டபத்தில் இருப்பேன். குழுவிலிருந்து ஒருவராவது வாருங்கள். அன்னம் இருக்கும் தூணில் ஒரு முழ உயரம் மட்டும் கழுவிக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தப் பையனை உளியோடு உள்ளே விட வேண்டாம் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோயிலில் காது குத்தி, மொட்டை போட்டு, தாலி கட்டிய
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்,
சுங்கை சிப்புட்