வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போகும் முன்

நண்பர்களே, வழக்கு நடப்பதைப் பார்க்க வெள்ளிக்கிழமை காலை 10.15-க்கு முன்சீப் கோர்ட் (கீழ்நிலை சிவில் நீதிமன்றம்) வாசலில் கூடுவோம். போன் சைலண்டில் இருக்கட்டும்.

வருவதற்குள் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 8, விதி 1-ஐ மட்டுமாவது படித்துவிடுங்கள். அழைப்பாணை சார்வான (கையில் சேர்ந்த) 30 நாளில் பிரதிவாதி எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கு எழுத்துப்பூர்வ பதில், போட வேண்டும்; காரணத்தை எழுதி நீதிமன்றம் அதை மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். சாதாரண வழக்கில் அந்த 90 நாள் கறாரான கெடு அல்ல, விதிவிலக்காக மேலும் அவகாசம் தரலாம் என்று 2005-இல் கைலாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக வழக்கென்றால் 120 நாள்தான், அதற்குமேல் பேச்சே கிடையாது. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி மதிப்பெண்ணை விட்டவர்களில் நானும் ஒருவன்.

"எக்ஸ்பார்ட்டி" (பிரதிவாதி வராததால் அவர் இல்லாமலே வழக்கை நடத்துவது) என்று காதில் விழுந்தால், சரி, பிரதிவாதி கதை முடிந்தது என நினைக்காதீர்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்தாலும், தக்க காரணம் இருந்தால் அதை ரத்து செய்யக் கேட்டு கட்டளை 9, விதி 13-இல் மனு போடலாம். கெடு தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள். அழைப்பாணை முறையாகச் சார்வாகவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு.

அப்புறம், வழக்கு எண்ணும் அடுத்த வாய்தாவும் குறித்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் பெயரைக் குழுவில் போட வேண்டாம்.