நார்ம் சௌவுக்கு ஏன் கதவு இல்லை? காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நேஷனல் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை அட்லாண்டாவில் இருக்கும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். நுழைந்ததுமே மூன்று மாடி உயரச் சுவர், அதில் 700-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்கள். எந்தக் கல்லூரி உங்கள் அணி என்று வாசலில் பதிந்துகொண்டால் அந்த ஹெல்மெட்டில் விளக்கு எரியும். சித்தப்பாவுக்கு இந்த ஆட்டம் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. விளக்கு எரிந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேலே போய்த் தொடுதிரையில் நார்ம் சௌ என்ற உதவிப் பயிற்சியாளரைத் தேடினேன். வரவில்லை. வராது என்று தெரிந்துதான் தேடினேன்.

திரும்பும்போது காரில், "யாரைடா தேடினே?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

நார்ம் சௌ ஹவாயில் பிறந்தவர். அங்கே வயாலுவா என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 1973-ல் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்டாகச் சேர்ந்தார். படித்துக்கொண்டே எடுபிடி வேலையும் பார்க்கிற, ஏணியின் கடைசிப் படி அது. அங்கேயே உதவியாளர்கள் வரிசையில் 27 ஆண்டு. தலைமைப் பயிற்சியாளர் லாவெல் எட்வர்ட்ஸ். அந்த அணி 1984-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது. அப்புறம் 2000-ல் நார்த் கரோலைனா ஸ்டேட்டில் ஓர் ஆண்டு. அங்கே அவர் கையில் வந்த புதுப் பையன் பிலிப் ரிவர்ஸ், குவாட்டர்பேக் (பந்தை எறிந்து அணியை நடத்துபவர்). 2001-ல் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போனார். அதுவரை தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த குவாட்டர்பேக் கார்சன் பாமர் 2002-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். 2004-ல் மேட் லைனார்ட் வாங்கினார். இடையில் தேசியப் பட்டங்கள். (2004 பட்டத்தைப் பிற்பாடு ரத்து செய்தார்கள். அது வேறு பஞ்சாயத்து, இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். பிரிகம் யங்கின் குவாட்டர்பேக்குகளில் ஜிம் மக்மஹன் இருக்கிறார். ஸ்டீவ் யங் இருக்கிறார். டை டெட்மர், பாமர், லைனார்ட் எல்லோரும் இருக்கிறார்கள். லாவெல் எட்வர்ட்ஸ் 2004-லேயே வந்துவிட்டார். இந்த ஆறு பேருக்கும் பொதுவான ஆள் மட்டும் இல்லை.

காரணம் உங்கள் விதி. பயிற்சியாளர் என்றால் தலைமைப் பயிற்சியாளராக 10 ஆண்டு, 100 ஆட்டம், 60 சதவீத வெற்றி. சௌவுக்குத் தலைமைப் பதவி கிடைத்தது 65 வயதில், சொந்த ஊரான ஹவாயில். முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு ஆசிய அமெரிக்கர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது அதுதான் முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின. நாலாவது சீசன் பாதியில் அனுப்பிவிட்டார்கள். 10 வெற்றி, 36 தோல்வி. உதவியாளராகப் பார்த்த முப்பது வருட வேலை உங்கள் கணக்கில் ஒரு ஆட்டமாகக்கூடச் சேரவில்லை. சேர்வது இந்த 46 ஆட்டம் மட்டும்தான்.

சரி, யார் செய்தது என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மக்மஹனுக்குச் சொல்லிக்கொடுத்தது டக் ஸ்கோவில் என்பார்கள், யங்கின் காலத்தில் அங்கே மைக் ஹோம்கிரனும் இருந்தார். ஆனால் இவர்களும் உதவிப் பயிற்சியாளர்கள்தானே? புகழை எட்வர்ட்ஸ் பெயரில் மொத்தமாக எழுதிவிட்டால் மட்டும் கணக்கு சரியாகிவிடுமா?

இந்த வேலை எப்படிப்பட்டது என்று சித்தப்பாவுக்கு விளக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. ஒரு பிளே (பந்தை ஒருமுறை நகர்த்தும் முயற்சி) முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதற்குள் எத்தனையாவது டவுன் (வாய்ப்பு), இன்னும் எத்தனை கஜம், எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, கையில் இருக்கும் லேமினேட் அட்டையில் நூற்றுக்கணக்கான பிளேக்களிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். எதிராளி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்று அதே அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். 2024-லிருந்து குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் அனுமதி. கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் அதுவும் துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு அந்தப் பையன் தனி ஆள். திங்கள் முதல் வெள்ளி வரை சொல்லிக்கொடுத்ததுதான் அவனுக்குத் துணை.

ஒருமுறை ஸ்டேடியத்தில் கீழ் வரிசையில் இடம் கிடைத்தது. டச்டவுன் அடித்த சந்தோஷத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்து கத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு நேர் கீழே பெஞ்சில் ஐந்து தடியர்கள், அவர்கள் முன்னால் புல்லில் முட்டி போட்டபடி ஒரு நடுத்தர வயது ஆள். சின்ன வெள்ளைப் பலகையில் வட்டமும் கோடும் போட்டு, மூன்றாமவனின் இடது காலைக் கையால் பிடித்து அரை அடி பின்னால் தள்ளி வைத்தார். கொண்டாட்டத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பேட்டி கொடுத்தது தலைமைப் பயிற்சியாளர்.

இப்படிப்பட்டவர்களில் ஒருவர்தான் ஜோ மூர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் பிறகு நோட்ரே டேமிலும் ஆஃபென்ஸிவ் லைனுக்கு, அதாவது குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஐவருக்குப் பயிற்சி கொடுத்தவர். கல்லூரி அளவில் தலைமைப் பதவியே பார்க்காதவர். அவரிடம் கற்ற ஜிம் கோவர்ட், பில் ஃப்ராலிக், மார்க் மே மூவரும் உங்களிடம் இருக்கிறார்கள். 64 வயதில் நோட்ரே டேமில் அவர் வேலை போனது. வயதைக் காரணமாக்கி நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டு 1998-ல் ஜூரியிடம் ஜெயித்தார். இன்று நாட்டின் சிறந்த ஆஃபென்ஸிவ் லைனுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் 800 பவுண்டு கோப்பைக்கு அவர் பெயர்தான். கோப்பைக்குப் பெயர் வைக்கலாம், ஆளை உள்ளே விடக் கூடாதா?

இவர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய கல்லூரிகளில் கோஆர்டினேட்டர்கள் (ஆட்டத் திட்டம் வகுக்கும் மூத்த உதவியாளர்கள்) ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். சிப் கெல்லி யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் தலைமைப் பதவியை விட்டுவிட்டு ஒஹையோ ஸ்டேட்டுக்கு உதவியாளராகவே போய் 2024 சீசனில் பட்டத்தோடு வெளியே வந்தார். நான் கேட்பது காசு பற்றி அல்ல.

விதியை மாற்ற முடியாது என்றும் நீங்கள் சொல்ல முடியாது. 2027 வாக்குச்சீட்டு முதல் 60 சதவீதம் 59.5 ஆகிறது என்று 2025-ல் அறிவித்தீர்கள். மறைந்த தலைமைப் பயிற்சியாளர் மைக் லீச்சின் கணக்கு 158 வெற்றி, 107 தோல்வி, அதாவது 59.6; புது விதியில் அவர் தேறிவிடுவார். நல்ல காரியம், எனக்கு முழு சம்மதம். ஆனால் லீச்சைக் கொண்டாட வைத்த அந்த 'ஏர் ரெய்ட்', பந்தை எறிந்தே முன்னேறும் அந்த வியூகம், எங்கே தொடங்கியது? 1989-ல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில், ஹால் மம்மியிடம் அவர் உதவியாளராக இருந்தபோது.

தொழில்முறை ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் 2022-ல் உதவிப் பயிற்சியாளர்களையும் சேர்த்து 'அவார்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. அது முழு உறுப்பினர் அந்தஸ்து இல்லை, அரைக்கதவுதான். நீங்கள் முழுக்கதவைத் திறக்கலாம். உதவியாளராக 20 ஆண்டு என்று ஒரு தகுதி வையுங்கள். வெற்றி சதவீதம் வேண்டாம். அவரிடம் ஆடியவர்களையும், அவருக்கு எதிராக வியூகம் அமைத்தவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருவர் போதும். முதல் வாக்குச்சீட்டில் சௌவும் மூரும் இருக்கட்டும். அவர்களுக்கு வாக்கு விழாமல் போனால் நான் அதற்காக இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்