சீனா பௌத்தத்தோடு வாதாடியதையும் எழுதுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பௌத்தம் சீனாவுக்குச் சென்ற வரலாற்றை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் பாகியானும் யுவான் சுவாங்கும் வந்துபோனதோடு முடித்துவிடுகிறோம். கொடுத்தவர் நாம், வணங்கிப் பெற்றுக்கொண்டவர் அவர்கள் என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்குகிறது. சீனர்களோ பல நூற்றாண்டுகள் கேள்வி கேட்டார்கள், தடுத்தார்கள், தண்டித்தார்கள், தமக்கேற்ப மாற்றியும் கொண்டார்கள். அந்தப் பகுதியும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

முதல் எதிர்ப்பு குடும்பத்தின் பெயரால் எழுந்தது. உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சிதைக்கலாகாது என்று கற்பித்த கன்பூசிய மரபுக்கு, தலையை மழித்து மணம் துறந்து முன்னோர்க்குப் படையலிட மகனில்லாமல் செய்யும் துறவு அறக்கேடாகவே தோன்றியது. மௌட்சு என்பவர் பெயரால் வழங்கும் பழைய பௌத்த நூல் இதற்குச் சீன மரபிலிருந்தே விடை எடுத்தது: தம்பிக்கு அரசுரிமையை விட்டுக்கொடுத்து, தலைமுடியை வெட்டி, உடலில் பச்சை குத்தி வாழ்ந்த பழங்கால இளவரசர் தைபோவைக் கன்பூசியசே போற்றவில்லையா என்று அது கேட்டது.

அடுத்த எதிர்ப்பு அரசிடமிருந்து வந்தது. துறவிகளும் மன்னரை வணங்க வேண்டும் என்று அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த ஹுவான் ஷுவான் வலியுறுத்தியபோது, லூ மலையில் வாழ்ந்த பௌத்தத் துறவி ஹுய்யுவான் அதை மறுத்தார். இல்லறத்தில் இருக்கும் பௌத்தர் அரசனுக்கும் பெற்றோருக்கும் பணிய வேண்டும், இல்லறத்தை நீங்கியவர் அந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பவர் என்று 404இல் அவர் தனி நூலே எழுதினார். ஹுவான் ஷுவானும் தம் கருத்தைக் கைவிட்டார்.

பௌத்தத்தை எதிர்த்த கன்பூசிய அறிஞரும் அரசு அதிகாரியுமான ஹான் யூவுக்கு, தம் சொல்லை ஆட்சியாளர் ஏற்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 819இல் புத்தரின் விரலெலும்பு என்று கருதப்பட்டதை ஷியான்சோங் பேரரசர் அரண்மனைக்கு வரவழைத்தபோது, புத்தரே நேரில் வந்தாலும் விருந்தளித்து எல்லை வரை வழியனுப்பினால் போதும், அப்படியிருக்க உலர்ந்த எலும்புக்கு அரண்மனையில் என்ன வேலை என்று அவர் விண்ணப்பம் எழுதினார். பௌத்தத்தைப் போற்றிய அரசர்கள் நெடுநாள் வாழவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பேரரசரை மிகவும் சினமூட்டியது இந்த வரிதான். மரண தண்டனையிலிருந்து அமைச்சர்கள் காப்பாற்ற, தெற்கே சாவ்சோவுக்கு அனுப்பப்பட்டார்.

எலும்பைப் பற்றிய அந்தச் சொற்போருக்குப் பின் ஒரு தலைமுறைகூடக் கழியவில்லை. 845இல் வூசோங் பேரரசர் 4,600க்கும் மேற்பட்ட மடங்களையும் 40,000க்கும் மேற்பட்ட சிறு கோயில்களையும் இடிக்க ஆணையிட்டார். 2,60,500 துறவியரும் மடங்களைச் சேர்ந்த 1,50,000 அடிமைகளும் வரி செலுத்தும் குடிகளாக்கப்பட்டனர். வெண்கலச் சிலைகளும் மணிகளும் நாணயமாகவும், இரும்புச் சிலைகள் உழுகருவிகளாகவும் உருக்கப்பட்டன. அரசரின் தாவோயிசப் பற்று ஒரு காரணம் என்றாலும், வரியிலிருந்து விலகிய நிலமும் ஆளும் உலோகமும் அரசின் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது இந்த ஆணையில் தெளிவாகவே தெரிகிறது. எனவே இதை வெறும் அந்நிய வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். 574இல் வட சோவ் அரசின் வூ பேரரசர் பௌத்தத்தோடு சீனாவின் சொந்தச் சமயமான தாவோயிசத்தையும் சேர்த்தே தடை செய்தார். வூசோங்கின் ஆணையோ, அவர் 846இல் இறந்ததும் கைவிடப்பட்டது.

எதிர்ப்புகள் பௌத்தத்தையும் மாற்றின. நரகத்தில் வாடும் தாயை மீட்கச் செல்லும் மகன் முலியனின் கதை மக்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றது. பெற்றோரின் நன்றிக்கடனைப் பேசும் சூத்திரங்கள் சீனாவிலேயே இயற்றப்பட்டன. போதிதருமரைக் காஞ்சிபுரத்தோடு இணைத்துப் பெருமை பேசும் நாம், அவர் பெயரைச் சொல்லும் சான் (ஜென்) மரபில் துறவிகள் உடலுழைப்பைக் கடமையாக ஏற்றதை ஏனோ பேசுவதில்லை.

இதற்குத் தனி அத்தியாயம் தேவையில்லை. ஹுய்யுவானின் மறுமொழியையும் ஹான் யூவின் விண்ணப்பத்தையும் சுருக்கித் தமிழில் அருகருகே தந்து, 845 ஆணையின் எண்களைக் கீழே சேர்த்து, இந்த வாதங்களில் எது சமயம் பற்றியது, எது வரி பற்றியது என்று மாணவர்களையே பிரித்துக் காட்டச் சொல்லலாம். அடுத்த திருத்தப் பதிப்பில் இதற்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்